பேனட்டுக்குள் யாருக்கு இடம்?

கோவையில் ஒரு பழைய அம்பாசிடரையோ பத்மினியையோ டீக்கடை ஓரமாக நிறுத்திப் பாருங்கள். டீ கைக்கு வருவதற்குள் யாராவது பக்கத்தில் வந்து நின்றுவிடுவார். "என்ன மாடலுங்க?" என்பது முதல் கேள்வி. "ஒரிஜினல் இன்ஜினுங்களா, மாத்தியிருக்கீங்களா?" என்பது அடுத்தது. பிறகு அவருடைய பெரியப்பாவோ பழைய முதலாளியோ வைத்திருந்த வண்டியின் கதை வரும். அதே இடத்தில் இருபத்தைந்து லட்ச ரூபாய் எஸ்யூவியை நிறுத்தினால் யாரும் வருவதில்லை. தப்பித்தவறி வந்தாலும் விலையைக் கேட்பார், மைலேஜைக் கேட்பார், போய்விடுவார்.

பழைய நினைப்புதான் காரணம் என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் வந்து நிற்பவர்களில் மீசை முளைக்கும் வயதுப் பையன்களும் இருக்கிறார்கள். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 மே மாதம் அம்பாசிடர் உற்பத்தி நின்றபோது அவர்கள் சின்னக் குழந்தைகளாக இருந்திருப்பார்கள். மாருதி 800-ம் அதே ஆண்டில்தான் நின்றது. ஏறிப் பழகாத வண்டியின் மேல் ஏக்கம் எப்படி வரும்? அவர்களை வேறு ஏதோ இழுக்கிறது.

அது பேனட்டுக்கு அடியில் இருக்கிறது என்பது என் கணிப்பு. அம்பாசிடரின் பேனட்டைத் தூக்கினால் இன்ஜினைச் சுற்றிக் கை நுழைய இடம் இருக்கும். மேலே ஏர் ஃபில்டர், பக்கத்தில் கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து நாலு பிளக்குக்கும் போகிற ஒயர்கள். பெட்ரோல் எங்கே வருகிறது, தீப்பொறி எங்கே பிறக்கிறது என்பதைப் பத்து வயதுக் குழந்தைக்குக்கூட விரலால் தொட்டுக் காட்டிவிடலாம். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இதற்கும் ஒரு படி மேல். அதில் பேனட்டும் இரண்டு மட்கார்டும் ஒன்றாகச் சேர்ந்து முன்பக்கம் சாய்ந்துவிடும். டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். வண்டி இழுக்கவில்லையா, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். கரி படிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. வெள்ளையாக வெளுத்திருந்தால் போதவில்லை. கோளாறுக்கும் காரணத்துக்கும் நடுவே திரை ஏதும் கிடையாது.

புரிகிற பொருளோடு வாழ்வது தனிச் சுகம். இன்று நம் வீட்டில் உள்ளவற்றில் முக்கால்வாசியை நாம் பயன்படுத்த மட்டுமே தெரிந்து வைத்திருக்கிறோம். போனும் வாஷிங் மெஷினும் நின்றுபோனால் ஆளை வரவழைத்துவிட்டுக் கைகட்டி நிற்கிறோம். பழைய கார் அடிக்கடி நின்றது, உண்மைதான். ஆனால் நின்ற வண்டி யாரையும் முட்டாளாக்கவில்லை. "என்னாச்சுன்னு பாக்கலாம்" என்று சொல்ல இடம் கொடுத்தது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் கார் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் காரைத் தெரிந்திருந்தது என்பது கட்டுக்கதை. எங்கள் அப்பாருவிடம் ஒரு பியட் இருந்தது. ரேடியேட்டர் எது, டைனமோ எது என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. ஊட்டி போகிற வழியில் பர்லியாறு ஏற்றத்தில் தண்ணீர் கொதித்து ஆவி கிளம்பும். அப்பாரு இறங்கி மரநிழலில் நின்றுகொள்வார். துணியைச் சுற்றி மூடியைத் திறப்பது, கையைச் சுட்டுக்கொள்வது, ஆற விட்டுத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் டிரைவர் அண்ணன்தான். வண்டி அப்பாருவின் பெயரில் இருந்தது. வண்டியின் அறிவு அண்ணனின் கையில் இருந்தது.

அண்ணனுக்கும் தெரியாத இடம் வந்தால் ஊருக்குத் தெரிந்திருந்தது. கணபதியிலும் பீளமேட்டிலும் ஆவாரம்பாளையத்திலும் லேத் பட்டறைகள் இருந்தன. ஒரு புஷ் தேய்ந்துபோய், கம்பெனி உருப்படி கிடைக்காவிட்டால், பழையதை மாதிரிக்குக் கொடுத்துவிட்டு வந்தால் போதும், மாலைக்குள் கடைந்து வைத்திருப்பார்கள். மில்லுக்கு இயந்திரமும் கிணற்றுக்கு மோட்டாரும் செய்து பழகிய ஊருக்கு ஒரு கார் பெரிய சவாலாக இருக்கவில்லை. காரின் மீட்டர் போர்டு செய்யும் பிரிக்காலும், ஹாரன் செய்யும் ரூட்ஸும் இதே மண்ணில் முளைத்த கம்பெனிகள்தாம். பழைய காரின் அழகு என்று நாம் சொல்வதில் பாதி, அதைச் சுற்றி இருந்த ஊரின் அழகு.

அந்த அழகுக்கு இங்கே ஒரு தலைமகன் உண்டு. கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி.டி. நாயுடு, ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவையில் ஓட்டல் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றக் கிளம்பவில்லை, பாகம் பாகமாகக் கழற்றிப் பூட்டினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ் ஓட்டத் தொடங்கி, யு.எம்.எஸ். என்ற பெரும் பஸ் நிறுவனமாக வளர்த்தார். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்மோட்டாரையும் செய்தார். பள்ளிப் படிப்பைத் தொடராத மனிதருக்கு, கழற்ற முடிந்த ஒரு இயந்திரம் பள்ளிக்கூடமாக இருந்தது.

இன்னொருவர் கரிவரதன், பஞ்சாலைக் குடும்பத்துப் பிள்ளை. மாருதி 800 குடும்பங்களைக் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் கூட்டிப்போய்க்கொண்டிருந்த காலத்தில், அதன் சின்ன இன்ஜினை வைத்து அவர் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கோவையில் கட்டினார். பார்முலா மாருதி என்ற அந்த வண்டியில்தான் பல இளைஞர்கள் பந்தயம் பழகினார்கள். 2005-ல் பார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரான நம்மூர் நரேன் கார்த்திகேயனும் அவர்களில் ஒருவர். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்துப் பந்தயப் பாதை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மளிகை வாங்கப் போகிற காரிலிருந்து பந்தயக் காரைப் பிறப்பிக்க முடிந்தது, உள்ளே கை வைக்க அது இடம் கொடுத்ததால்தான்.

இத்தனையும் சொல்லிவிட்டு மறுபக்கத்தை மறைத்தால் அது ஏமாற்று வேலை. நம் மெக்கானிக்குகள் கெட்டிக்காரர்களானதற்கு வண்டிகளின் தரக்குறைவும் ஒரு காரணம். லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தோம்; வந்த வண்டியை வேறு வழியில்லாமல் பழுது பார்த்துக்கொண்டே ஓட்டினோம். இரண்டாயிரம் ரூபாய்க்கு இரண்டு பேர் போகும் சின்னக் காரை 1952-ல் ஜி.டி. நாயுடு உருவாக்கியபோது, உற்பத்தி செய்ய அரசின் அனுமதி கிடைக்கவில்லை. அந்தக் காலத்தின் கைத்திறனைப் போற்றுகிறவர்கள் அந்தக் கதவடைப்பையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

உயிர் விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை. 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். பெல்ட் இல்லாத, காற்றுப்பை இல்லாத, அழுத்திப் பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்கிற வண்டியை அழகு என்று சொல்லிப் பேத்தியை அதில் நெடுஞ்சாலைக்கு அழைத்துப் போக எனக்கு மனம் வராது. 2019 முதல் புதிய கார்களில் ஏபிஎஸ்ஸும் ஓட்டுநருக்குக் காற்றுப்பையும் கட்டாயமானது தாமதமாக வந்த நல்ல காரியம்.

பேனட்டுக்குள் கம்ப்யூட்டர் வந்ததும் நம் நுரையீரலைக் காக்கத்தான். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். அந்தக் கணக்கு பிசகாமல் இருந்தால்தான் புகையிலுள்ள நஞ்சை முறிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் ஒழுங்காக வேலை செய்யும். ஏற்றத்திலும் இறக்கத்திலும் குளிரிலும் வெயிலிலும் அந்தக் கணக்கைப் பிடித்து நிறுத்துவது கார்புரேட்டரால் ஆகாத வேலை. அதனால்தான் புகைக்குழாயில் சென்சார் வந்தது, அது சொல்வதைக் கேட்டுப் பெட்ரோலை அளந்து விட ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அந்தக் கம்ப்யூட்டர்களுக்கான மென்பொருளை எழுதுகிற பாஷ் அலுவலகமும் நம்மூரில்தான், சரவணம்பட்டிப் பக்கம் இருக்கிறது. கோவை காரை மறந்துவிடவில்லை.

பட்டறை வாழ்க்கையையும் பூசி மெழுகக் கூடாது. ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க வந்த பையன்களில் பலர், பள்ளியில் இருந்திருக்க வேண்டிய வயதில் வந்தவர்கள். அவர்கள் பிள்ளைகள் இன்று என்ஜினியரிங் படித்து அந்த மென்பொருள் அலுவலகங்களுக்குப் போகிறார்கள் என்றால் அதில் வருந்த ஒன்றுமில்லை.

அப்படியானால் எதைத்தான் இழந்தோம்? தொட்டுப் பார்க்கும் உரிமையை. சில காலம் முன்பு என் காரில் மஞ்சளாக ஒரு இன்ஜின் விளக்கு எரிந்தது. சர்வீஸ் சென்டரில் மேனேஜர் மரியாதையாகப் பேசினார். "எலி கடிச்சிருக்குங்க சார், ஒயரிங் செட் மொத்தமா மாத்தணும். கம்பெனி ரூல் அப்படி" என்றார். அவர் சொன்ன தொகைக்கு ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கலாம். காந்திபுரம் பக்கம் ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டினேன். டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு சின்னக் கருவியைச் செருகி, போனில் வந்த எண்ணைப் பார்த்தார். டார்ச்சை அடித்துக் கடிபட்ட ஒயரைத் தேடிப் பிடித்தார். வெட்டி, ஒட்டி, டேப் சுற்றினார். விளக்கு அணைந்தது. "இவ்ளோதானுங்க. பாக்கறதுக்கு விட்டாப் பாத்துரலாம்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. அவர் கருவி செருகிய துவாரத்துக்கு ஓபிடி போர்ட் என்று பெயர். மாசு விதிகளுக்காக அதைக் கார்களில் வைக்கச் சொன்னது சட்டம். இந்தியாவில் 2010-க்குப் பிறகு படிப்படியாகக் கட்டாயமானது. புகையைக் கண்காணிக்க வைத்த துவாரம், தெருவோர மெக்கானிக்குக்குச் சன்னலாகிவிட்டது. புதிய கார் புரியாத பொருள் என்பதும் பாதி உண்மைதான் என்று அன்று தெரிந்தது. அது பூட்டி வைக்கப்பட்ட பொருள். சட்டம் ஒரு சன்னலைத் திறந்தால் நம் ஆட்கள் அதன் வழியாக உள்ளே போய்விடுகிறார்கள்.

சன்னலைப் பெரிதாக்கச் சொல்லி உலகத்தில் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-ல் ஓட்டுப் போட்டு, கார் கம்பெனிகள் பழுதறியும் தகவலை வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்கும் தர வேண்டும் என்று சட்டமாக்கினார்கள். கார்கள் தகவலைக் காற்றுவழியே கம்பெனிக்கு அனுப்பத் தொடங்கிய பிறகு, 2020-ல் மறுபடியும் ஓட்டுப் போட்டு அதையும் சேர்த்தார்கள். நம் மத்திய அரசும் 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு இணையதளம் திறந்தது. கார்களும் அதில் அடக்கம். ஆனால் இங்கே அது கம்பெனிகளின் மேல் கட்டாயமாகவில்லை. கேட்கிற குரல் பெரிதாக வேண்டும்.

அவினாசி சாலையில் 2015-ல் திறந்த ஜி.டி. கார் மியூசியத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். பளபளக்கும் பெயிண்டோடு நிறுத்திவிடாமல் இன்ஜினைக் காட்டி விளக்குங்கள். ஆனால் பழைய வண்டியை வாங்கித்தான் அந்த மகிழ்ச்சியை மீட்க வேண்டும் என்றில்லை. அடுத்த கார் வாங்கப் போகும்போது சன்ரூஃபைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: வாரண்டி முடிந்த பிறகு இதை வெளியில் யார் பழுது பார்க்க முடியும்? ஸ்பேர் எத்தனை வருடம் கிடைக்கும்? பழுதறியும் தகவலை யாருக்கெல்லாம் தருவீர்கள்? விற்பவருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். கேட்பவர்கள் பெருகினால் பதில் சொல்லியே ஆக வேண்டி வரும். காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்க்க முடியாவிட்டால், அதற்கு நாம் முழு உரிமையாளர் ஆகிவிடவில்லை.