கேள்விப்பத்திரமும் நீதியும்

அரசாங்கம் வீதி அமைக்கிறது, மாடிமனை எழுப்புகிறது, நிலத்தின் கீழ்க் கழிவுநீர்க் குழாய் பதிக்கிறது. இவற்றை அது பெரும்பாலும் தன் கையாற் செய்வதில்லை. கேள்விப்பத்திரம் கோரி, ஒப்பந்தக்காரர் ஒருவரைத் தெரிந்து, பொதுப் பணத்தை அவரிடம் ஒப்படைத்துச் செய்விக்கிறது. அவ்வாறு செய்விக்கும்போது அது வாங்குவது எதனை? சீமெந்தையும் இரும்புக் கம்பியையும் மட்டுமா? அவற்றை ஒன்றாக்கும் மனித உழைப்பையுமா? உழைப்பையும் வாங்குகிறதெனின், அவ்வுழைப்பு யாரிடமிருந்து, எந்நிலையிற் பெறப்படுகிறது, வேலை முடிந்தபின் உழைத்தவனிடம் எஞ்சி நிற்பது யாது என்று கேட்கும் கடமை அதற்கு உண்டா, இல்லையா? கணக்காளரின் மேசைக்குரியதுபோலத் தோன்றும் இவ்வினா அடிப்படையில் ஓர் அறவினா என்பதே நமது கருத்து.

முதலில், பணம் யாருடையது என்பதைப் பார்ப்போம். வரி செலுத்துவோர் என்றதும் வெள்ளவத்தையின் கடைமுதலாளிகளும் கொள்ளுப்பிட்டியின் கம்பனித் தலைவர்களுமே நம் மனக்கண்முன் வருகின்றனர். கொட்டாஞ்சேனையின் முடுக்கொன்றில், ஒற்றை அறையில், ஐந்தாறு பேருடன் வாழும் தாய் வருமான வரி செலுத்துவதில்லை, உண்மையே. ஆனால் அவள் வாங்கும் சவர்க்காரக் கட்டியின் விலையில் 2024 ஜனவரி தொடக்கம் 18 வீதப் பெறுமதி சேர் வரி அடங்கியிருக்கிறது. 2022 ஏப்பிரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியபோது, அதன் சுமை எவரெவர் அடுப்பில் இறங்கியது என்பதை அவ்வாண்டின் மண்ணெண்ணெய் வரிசைகளில் நின்றவர்கள் அறிவர். கடன் வாங்கிக் கட்டப்படும் ஒவ்வொரு கட்டடத்தையும் வாங்குவோருள் அவளும் ஒருத்தி. அவளிடம் எவரும் கையொப்பம் கேட்கவில்லை. தவணைப் பணத்தை மட்டும் கேட்கின்றனர்.

அவள் பெயரால் அரசாங்கம் எவ்வாறு வாங்குகிறது? தகுதியுடையனவாய்க் காணப்பட்ட விலைமனுக்களுள் மிகக் குறைந்த மதிப்பீட்டுடையதற்கே ஒப்பந்தம் என்பது நெடுங்காலமாக நமது பெறுகை முறையின் அச்சாணி. 2006 ஆம் ஆண்டின் அரசாங்கப் பெறுகை வழிகாட்டிகள் வகுத்த முறையும் இதுவே. இவ்விதியை இகழ்வது எளிது. ஆயினும் அதன் பிறப்பில் ஒரு நேர்மை உண்டு. விலை என்பது ஓர் எண். எண்ணை எவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அமைச்சரின் மைத்துனனுக்கும் முன்பின் அறியாத ஒருவனுக்கும் எண் ஒன்றே. சிபாரிசுக் கடிதத்தால் சிற்றூழியர் நியமனம்வரை நடந்தேறிய நாட்டில், எண்ணின் இந்தக் குருட்டுத்தன்மையை ஒரு பாதுகாப்பாகக் கருதியவர்களை நாம் குறைகூற முடியாது.

ஆனால் எண்ணுக்குள் ஒளிந்திருப்பது யாது என்பதையும் பார்க்க வேண்டும். கொழும்பு மாநகரத்தின் துப்புரவுப் பணியை எடுத்துக்கொள்வோம். பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட ஒடுக்கப்பட்ட சாதி மக்களும் அவர்தம் வழித்தோன்றல்களும் தலைமுறை தலைமுறையாக இந்நகரத்தின் குப்பையையும் மலத்தையும் அகற்றி வந்தனர். இழிவும் வறுமையும் அவர்களைச் சூழ்ந்திருந்தன. எனினும் மாநகரசபையின் நிரந்தரத் தொழிலாளி என்ற நிலை, ஓய்வூதியம், தொழிற்சங்கம் ஆகியவற்றை அவர்கள் போராடிப் பெற்றிருந்தனர். பின்னர் இப்பணியின் பெரும்பகுதி தனியார் நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் விடப்பட்டது. துப்புரவு வேலையிற் செங்கல் இல்லை, சீமெந்து இல்லை. ஒரு வண்டி, ஒரு துடைப்பம், ஒரு மனிதன். இத்தகைய வேலைக்கு மிகக் குறைந்த விலையைக் கோருகிறவன், மனிதனின் கூலியைத் தவிர வேறெதனைக் குறைக்க முடியும்? கையுறையைக் குறைக்கலாம், மருத்துவ விடுமுறையைக் குறைக்கலாம், இருவர் செய்த வீதியை ஒருவனிடம் கொடுக்கலாம். போட்டி என்பது இங்கே திறமைகளின் போட்டியன்று. யார் மிகுதியாகப் பிழிவார் என்னும் போட்டியே. சபை சேமித்ததாகக் கணக்கில் எழுதப்படும் பணம் உண்மையிற் சேமிக்கப்பட்டதன்று. அது தொழிலாளியின் முதுமையிலிருந்து முன்கூட்டியே எடுக்கப்பட்ட கடன்.

கூலியை நியாயமாக்கிவிட்டால் மட்டும் போதுமா? இங்கேதான் 'உள்ளூரவருக்கு வேலை' என்னும் நல்ல சொல்லையும் நாம் சற்று ஐயத்தோடு நோக்க வேண்டியிருக்கிறது. துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு உள்ளூரில் வேலை கொடுங்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதினால், தகப்பனின் துடைப்பம் மகனின் கைக்கு வருவதைத் தவிர வேறென்ன நிகழும்? சாதி காலங்காலமாகச் செய்து வந்ததை ஒரு வாசகத்தின் மூலம் மாநகரசபையும் செய்துவிடும். ஆகவே வேலை என்பது வேறு, தொழிற்றிறன் என்பது வேறு. வேலை ஒப்பந்தத்தோடு முடிவது. திறன் உழைத்தவனோடு வீடு செல்வது. வேண்டாத வேலையை 'வேண்டாம்' என்று சொல்லும் வலுவை அவனுக்குக் கொடுப்பது.

கட்டட வேலையில் இவ்வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 2010 இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அதன்பின் முகத்துவாரத்திலும் மட்டக்குளியிலும் வனாத்தமுல்லையிலும் தோட்டங்களின் மக்களைக் குடியேற்றுவதற்கெனப் பல மாடித் தொடர்கள் எழுந்தன. மக்களை அவர்தம் நிலத்திலிருந்து பெயர்த்த முறையைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு; அது தனியொரு கட்டுரைக்குரியது. நாம் இங்கு நோக்குவது வேறொன்று. பன்னிரண்டு மாடி எழுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் செல்கின்றன. ஓர் இளைஞன் கம்பி கட்டவும், மின்னிணைப்புச் செய்யவும், குழாய் பொருத்தவும் கற்றுத் தேறுவதற்கு அக்காலம் போதும். க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதத்தில் தவறி, அதனாலேயே அறிவிலி என்று முத்திரை குத்தப்பட்டு வெளியேறும் மாணவரை ஆண்டுதோறும் வழியனுப்பும் ஆசிரியர்கள் நாம். சாரத்தின் மேல் நின்று தூக்குநூல் பிடிக்கும் ஒருவன் செய்வதும் கணிதமே. அதனை அவனுக்குக் கற்பிக்கத்தக்க பள்ளிக்கூடம் அவன் வீட்டுக்கு எதிரே எழுந்துகொண்டிருக்கிறது; கம்பிவேலியும் காவலாளியும் அவனை வெளியே நிறுத்துகின்றனர்.

'தொழிற்பயிற்சிக்கு வேறு நிறுவனங்கள் உள்ளனவே. வீதி போடுகிறவன் வீதியைப் போடட்டும்' என்பர் பொருளியலார் சிலர். மருதானைத் தொழினுட்பக் கல்லூரியின் வரலாறு 1893 இற் தொடங்குகிறது. பயிலுநர் முறைக்கென 1971 இற் சட்டமே இயற்றப்பட்டது. இவற்றின் பணியை நாம் மதிக்கிறோம். ஆனால் வகுப்பறையில் ஒன்பதாம் மாடி இல்லை. பயிற்சி நிலையத்திற் கட்டிய சுவரை மறுநாள் இடித்து, அதே கல்லை அடுத்த அணிக்குக் கொடுக்கிறார்கள். எவரும் வாழப்போகாத சுவரைக் கட்டியவனை 'அனுபவம் உண்டா?' என்று ஒப்பந்தக்காரர் கேட்கிறார். அனுபவம் கிடைக்குமிடம் அவருடைய வேலைத்தலம் ஒன்றே. அவ்வேலைத்தலத்துக்குப் பணம் கொடுப்பதோ நாம்.

ஒப்பந்தத்திற் சமூக நிபந்தனை புகுத்துவது சந்தையைக் கெடுக்கும் என்றொரு வாதமும் உண்டு. நிபந்தனையற்ற ஒப்பந்தம் எங்கேனும் இருந்ததுண்டா? மகாவலித் திட்டத்தின் விக்டோரியா அணையை நோக்குக. பிரித்தானியா உதவிப் பணம் கொடுத்தது; கட்டியவை பிரித்தானிய நிறுவனங்கள். 1985 ஏப்பிரலில் நடந்த திறப்பு விழாவுக்குப் பிரதமர் தச்சர் அம்மையாரே வந்திருந்தார். அந்த அம்மையாரின் அரசாங்கமே, அரசாங்க ஒப்பந்தம் பெறுவோர் தொழிலாளர்க்கு நியாயமான கூலி கொடுத்தல் வேண்டுமென 1891 முதல் பிரித்தானியப் பாராளுமன்றம் பேணிவந்த தீர்மானத்தை, தொழிற் சந்தைக்கு இடையூறு என்று கூறி 1983 இல் ஒழித்தது. அத்தீர்மானத்தின் வழிவந்ததே, பொது ஒப்பந்தங்களில் தொழிலாளர் நலன் பற்றிச் சர்வதேசத் தொழில் தாபனம் 1949 இல் நிறைவேற்றிய 94 ஆம் இலக்கச் சமவாயம். அதிலிருந்தும் பிரித்தானியா விலகிக்கொண்டது. வேடிக்கை என்னவெனில், பொதுக் கொள்வனவு செய்வோர் சமூகப் பயனைக் கருத வேண்டுமென 2012 இல் அதே பாராளுமன்றம் மீண்டும் ஒரு சட்டம் இயற்ற நேர்ந்தது. கடன் கொடுப்பவன் தன் நாட்டு நிறுவனத்துக்கே வேலை வேண்டுமென்றால் அது 'உடன்படிக்கை'. கடனைத் தீர்க்கப் போகிறவள் தன் மகனுக்கு ஒரு தொழிலைக் கற்றுக்கொடு என்றால் அது 'சந்தைக்கு இடையூறு'.

இது நம் நகரத்திற் செய்து பார்க்கப்படாத புதுமையுமன்று. 1984 முதல் 1989 வரை நடந்த பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தின்போது தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை கொழும்பின் தோட்டங்களில் 'சமூக ஒப்பந்தம்' என்றொரு முறையைக் கையாண்டது. கிணறு, வடிகால், பொது மலகூடம், நடைபாதை போன்ற சிறு வேலைகளைக் கேள்விப்பத்திரம் கோராமல், அங்கு வாழ்ந்தவர்களின் சமூக அபிவிருத்திச் சபையிடமே ஒப்பந்தமாகக் கொடுத்தனர். பொறியியலாளர் மதிப்பீடு செய்தார், குடியிருப்பாளர் கட்டினர், கூலியும் இலாபமும் தோட்டத்திலேயே தங்கின. தன் வாசலில் ஓடும் வடிகாலில் எவன்தான் சீமெந்தைக் குறைப்பான்? அவ்வரசாங்கம் 1980 இல் வேலைநிறுத்தம் செய்தோரைத் தெருவில் விட்டதையும், 1983 இல் வெள்ளவத்தை எரிந்தபோது நின்ற நிலையையும் நாம் மறக்கவில்லை. எனினும் நல்லதொரு முறையை அதனைச் செய்தவரின் பெயரால் ஒதுக்குவது நேர்மையன்று. இம்முறை பின்னர் ஐக்கிய நாடுகளின் குடியிருப்பு நிறுவனத்தின் மூலம் கம்போடியாவுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் சென்றது. பிறந்த ஊரில், மாடிமனைகளின் காலம் வந்ததும், அது ஓரத்துக்குத் தள்ளப்பட்டது.

போருக்குப் பிந்திய வடக்கிலும் கிழக்கிலும் இதே வினா வேறு வடிவில் எழுந்தது. இந்திய உதவி வீடுகளை மக்கள் தாமே முன்னின்று கட்டினர். வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கொடுக்கப்பட்டது. 2015, 2016 ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் 65,000 எஃகு வீடுகளை ஆர்செலர் மிட்டல் என்னும் பன்னாட்டு நிறுவனத்தின் மூலம் அமைக்க முற்பட்டது. வீடொன்றின் விலை இருபது இலட்சத்துக்கு மேல். வெயிலில் அவ்வீடு தகிக்கும் என்பது எதிர்ப்பின் ஒரு பகுதி மட்டுமே. எஃகுச் சுவர் பெட்டியில் அடைபட்டு வரும்; கல்லரிபவனுக்கும் மேசனுக்கும் தச்சனுக்கும் அதில் இடமில்லை; போர் தின்ற ஊரில் வீட்டோடு தொழிலும் எழ வேண்டுமென எதிர்த்தோர் வாதிட்டனர். திட்டம் கைவிடப்பட்டது.

இனி, இவ்விடயத்தின் மிகக் கடினமான பகுதிக்கு வருவோம். 'உள்ளூரவர்' யார்? இலங்கையில் இச்சொல்லுக்கு இரத்தக் கறை உண்டு. 1933 இல் வெள்ளவத்தை நூல் நெசவு ஆலையில் நடந்த வேலைநிறுத்தத்தைக் கொல்வின் ஆர். டி சில்வா போன்ற இளைஞர்கள் தலைமை தாங்கி நடத்தினர். தொழிலாளருட் பலர் மலையாளிகள். ஒரு காலத்தில் கொழும்புத் தொழிலாளரின் தனிப்பெருந் தலைவராயிருந்த ஏ. ஈ. குணசிங்கவோ அப்போராட்டத்துக்கு எதிரணியில் நின்றார்; அப்பத்தாண்டில் மலையாளிகளை வெளியேற்று என்னும் கோஷத்தையும் கையிலெடுத்தார். 1939 இல் அரசாங்கமே தன் திணைக்களங்களில் நாட்கூலிகளாயிருந்த இந்தியரை நீக்கி இலங்கையரை அமர்த்தும் திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. யூலையில் நேரு கொழும்புக்கு வந்து பேசிப் பார்த்தும் பயனில்லை. இலங்கை இந்தியக் காங்கிரஸ் அவ்வேளையிலேயே தோன்றியது. பொதுப் பணத்தில் வேலை, நாட்டு மக்களுக்கே முதலுரிமை என்பதே அத்திட்டத்தின் வாசகம். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக ஒலிக்கிறது! ஒன்பது ஆண்டுகளின் பின் 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியபோது அவ்வாசகத்தின் முழுப்பொருள் விளங்கிற்று.

அன்று துரத்தப்பட்ட அம்மலையாளிகளின் நாட்டில், வடகரைக்கு அருகேயுள்ள ஊராளுங்கலில், 1925 இல் பதினான்கு தொழிலாளர் கூடித் தொடங்கிய ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம் இன்று கேரள அரசின் வீதிகளையும் பாலங்களையும் கட்டும் பெரு நிறுவனமாய் நிற்கிறது என்பதையும் இங்கு குறிப்பிடத் தோன்றுகிறது.

ஆதலால் நாம் கோருவது இனத்தின் பெயராலன்று. பிறப்புச் சான்றிதழின் பெயராலுமன்று. வேலை நடக்கும் இடத்தின் புழுதியையும் இரைச்சலையும் சகிப்பவர் எவரோ, அவ்வேலையால் இடம்பெயர்பவர் எவரோ, அவருக்கே முதற் கதவு. கொட்டாஞ்சேனையில் அவர் தமிழராகவும் சிங்களவராகவும் முஸ்லிமாகவும் பறங்கியராகவும் இருப்பர். சாரத்தடியில் தகரக் கொட்டிலிற் படுத்துறங்கும் மலையக இளைஞனும், மட்டக்களப்பிலிருந்து வந்த மேசனும் 'வெளியார்' என்று நீக்கப்படலாகாது. அவர்களும் தேறிச் சான்றிதழ் பெற உரிமையுடையோரே. ஒப்பந்தக்காரர் இதற்காகத் தம் விலையை உயர்த்துவாராயின் அவ்வுயர்வு விலைமனுவில் தனி வரியாகத் தெரியட்டும். எவரும் ஒப்பிடலாம், எண்ணின் நேர்மையும் கெடாது. சிபாரிசுக்காரர் நுழையாதிருக்க, பயிலுநரின் பெயர்ப்பட்டியல் வேலைத்தலத்தின் வாசலில், மூன்று மொழியிலும் ஒட்டப்பட வேண்டும்.

கொழும்பின் கழிவுநீர் இரண்டு இடங்களிற் கடலைச் சேர்கிறது: வடக்கே முகத்துவாரம், தெற்கே வெள்ளவத்தை. நூற்றாண்டைக் கடந்த அக்குழாய்களைப் பழுதுபார்க்கவும் மாற்றவும் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் வேலைகள் நடந்திருக்கின்றன. இன்னும் பல ஆண்டுகள் நடக்க வேண்டியிருக்கிறது. அடுத்த ஒப்பந்தத்தின் இறுதிப் பட்டியலில், பதித்த குழாயின் நீளத்துக்குக் கீழே இன்னொரு வரியும் இருக்கலாம்: தேறி வெளியேறிய குழாய் பொருத்துநர் எத்தனை பேர், அவர்களுள் எத்தனை பேர் அவ்வட்டாரத்தவர் என்று. அந்த வரி நிரப்பப்படும்வரை கடைசித் தவணைப் பணம் திறைசேரியிலேயே இருக்கட்டும்.