பத்து நிமிஷம் லேட்!

போன மாதம் ஒரு காலை. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மா உள்ளே நுழைந்ததும், ஹால் கடிகாரத்தைக் காட்டி, ‘‘என்னம்மா, பத்து நிமிஷம் லேட் போல?’’ என்றேன். அவர் கடிகாரத்தை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்குப் போய்விட்டார்.

பதில் என் மனைவியிடமிருந்து வந்தது. ‘‘டிரெயினைப் பிடிக்கணும்னு அதைப் பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டா வெச்சதே நீங்கதானே!’’

அசடு வழிந்தேன். ஆனால், ஒரு கேள்வி மட்டும் விடவில்லை. கடிகாரம் யாருக்காக ஓடுகிறது?

எகிப்தில் ‘அரசர்களின் பள்ளத்தாக்கு’ என்று ஓர் இடம். அங்கே 2013-ல், ஸ்விட்சர்லாந்தின் பாஸல் பல்கலைக்கழகத்தினர் ஒரு சுண்ணாம்புக்கல் சில்லைக் கண்டெடுத்தார்கள். அதில் கறுப்பு மையில் ஓர் அரைவட்டம். பன்னிரண்டு பங்காகப் பிரித்த கோடுகள். நடுவில் குச்சி செருக ஒரு துளை. அவ்வளவுதான், சூரியக் கடிகாரம் ரெடி! வயது, மூவாயிரம் வருடத்துக்கு மேல். கிடைத்தது அரண்மனையில் அல்ல. அரசர்களுக்குக் கல்லறை குடைந்த தொழிலாளர்களின் குடிசைப் பகுதியில். வேலை நேரத்தைக் கணக்கிட உதவியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

யோசித்துப் பாருங்கள். அதே கல்லைக் காட்டி மேஸ்திரி, ‘‘நேரமாச்சு, எழுந்திரு’’ எனலாம். தொழிலாளியும், ‘‘நிழல் கோட்டைத் தாண்டிருச்சு, வீட்டுக்குப் போறேன்’’ எனலாம். கல் ஒன்றுதான். அது யார் கையில் இருக்கிறது என்பதில்தான் விஷயமே!

ரோமில் நடந்தது இன்னும் வேடிக்கை. கி.மு. 263-ல் சிசிலியின் கட்டானியா நகரிலிருந்து ஒரு சூரியக் கடிகாரத்தைக் கொண்டுவந்து பொது இடத்தில் நிறுத்தினார்கள். அது தெற்கே இருக்கும் ஊருக்காகக் கோடு போட்ட கருவி. ரோமில் சரியாகக் காட்டாது. இருந்தும் 99 வருடம் அதன்படியே நடந்தார்கள் என்கிறார் பிளினி. போரில் ஜெயித்து வந்த தலைவர் வைத்தது. அப்புறம் என்ன? என் ஹால் கடிகாரம் மாதிரிதான்!

ஏதென்ஸ் நீதிமன்றத்தில் வேறு கதை. அடியில் சின்னத் துளையிட்ட மண்பானை. தண்ணீர் வடிந்து தீரும்வரை பேசலாம். அங்கே கிடைத்த ஒரு பானை சுமார் 6 லிட்டர் பிடிக்கும். 6 நிமிடத்தில் காலியாகும். ஒரே வழக்கில் வாதி, பிரதிவாதி இருவருக்கும் ஒரே அளவு தண்ணீர். காலத்தை அளப்பது அங்கே நியாயத்துக்காக.

‘‘அப்போ லேட்டா வர்றது தப்பில்லையா சார்?’’ என்பீர்கள். தப்புதான். ஆனால், நான் காமர்ஸ் படித்தவன். பற்று என்று ஒரு பக்கம் இருந்தால், வரவு என்று மறுபக்கமும் இருக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு 1-ம் தேதி தர வேண்டிய சம்பளத்தை அந்த மாதம் 4-ம் தேதிதான் கொடுத்தேன். மூன்று நாள் லேட்! அவர் எந்தக் கடிகாரத்தையும் காட்டவில்லை.

நமக்குக் கீழே இருப்பவரின் நிமிடங்களை எண்ணுகிறோம். நமக்காகக் காத்திருப்பவரின் நாட்களை எண்ணுவதில்லை. உங்கள் வீட்டிலோ ஆபீஸிலோ உங்களுக்காக இப்போது காத்திருப்பது யார்?

அன்றே ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைத் திருப்பிவைத்தேன். கடிகாரம் சரியாகிவிட்டது. நான் சரியாகிவிட்டேனா என்பது 1-ம் தேதி தெரியும்.