ஆயுதம் எடுக்காத படை

திண்டுக்கல் மலைக்கோட்டை ஐதர் அலியிடமும் திப்புவிடமும் இருந்து, 1790இல் கும்பினிப் படையிடம் விழுந்தது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கும்பினியார் திப்புவோடு சமாதானம் பேசினார்கள். தோற்றவரிடம் பாதி ராஜ்ஜியத்தைப் பிடுங்கி எழுதிய சமாதானம் அது. திண்டுக்கல் சீமையும் அதோடு போனது. உலகத்துச் சமாதானங்களில் பெரும்பாலானவை இப்படித்தான், ஜெயித்தவர் சொல்லச் சொல்ல எழுதியவை.

அதே சீமையில், சிறுமலை அடிவாரத்தில், சின்னாளபட்டி நெசவுத் தெருக்களுக்குப் பக்கத்தில் காந்திகிராமம் என்ற காந்திய நிறுவனம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கியது. 1960 டிசம்பரில் போர் எதிர்ப்பாளர்களின் சர்வதேச சங்கம் இங்கே மாநாடு கூட்டியது. 1921இல் ஹாலந்தில் பிறந்த சங்கம். இரண்டாக முறித்த துப்பாக்கி அதன் சின்னம். துப்பாக்கி தூக்க மாட்டேன் என்று சிறைக்குப் போனவர்களின் சங்கம். ஜெயப்பிரகாஷ் நாராயணும் அந்த மாநாட்டுக்கு வந்திருந்தார்.

தீர்மானம் போட்டுக் கலைந்திருக்கலாம். ஆனால் ஆயுதமில்லாத உலகப் படை ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அங்கே வலுப்பட்டது. வினோபா 1957இல் தொடங்கிய சாந்தி சேனை முன்மாதிரியாகக் கண்முன் இருந்தது. ஓராண்டு கழித்து லெபனானில் உலக சமாதானப் படை உருவானது. ஆப்பிரிக்காவின் வட ரொடீசிய விடுதலைக்காக தார் எஸ் சலாமில் ஆள் திரட்டியது. 1963இல் டெல்லியிலிருந்து பீக்கிங்குக்கு நடக்கக் கிளம்பினார்கள். சீனா உள்ளே விடவில்லை. சில ஆண்டுகளில் படையே மறைந்துபோனது.

இதைத் தோல்வி என்று என்னால் தள்ள முடியவில்லை. போருக்கு ஆள் எடுக்கிறோம், கவாத்து பழக்குகிறோம், சம்பளமும் பென்ஷனும் கொடுக்கிறோம். சமாதானத்துக்கு மட்டும் நல்ல மனசு இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம். அதற்கும் ஆள் வேண்டும், பழக்கம் வேண்டும், ஆபத்து இருக்கும் இடத்துக்கே போய் நிற்கத் துணிவு வேண்டும். காந்திகிராமத்தில் கூடியவர்கள் கண்டது இதைத்தான்.

அந்த எண்ணம் 1981இல் கனடாவில் மறுபடி துளிர்த்தது. சாந்தி சேனையின் நாராயண் தேசாயும் அங்கே இருந்தார். அப்படிப் பிறந்த சர்வதேச அமைதிப் படையணி 1989இல் இலங்கைக்குப் போனது. காணாமல் போனவர்களுக்காக ஆட்கொணர்வு மனு போட்ட வழக்கறிஞர்களே கொல்லப்பட்ட காலம். வெளிநாட்டுத் தொண்டர்கள், மிரட்டலுக்கு ஆளான வழக்கறிஞர்களோடு நிழலாக இருந்தார்கள். கொல்ல வருகிறவன், சாட்சி ஒருவர் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துத் தயங்குவான் என்ற நம்பிக்கை ஒன்றுதான் அவர்கள் கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டே 1998 வரை அங்கே வேலை செய்தார்கள்.