அறப்பளீஸ்வரர் சந்நிதிக்குப் போகும் வழியில்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வாகனம் ஏறும் இந்நாளிலும், புளியஞ்சோலையிலிருந்து பழைய ஒற்றையடிப் பாதையில் மூச்சிரைக்க ஏறி அறப்பளீஸ்வரரைத் தரிசிக்கப் புறப்பட்ட பட்டணவாசியான எனக்கு, மேலே சாமை விளையும் சரிவொன்றில் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த மூதாட்டி ஒருத்தி, ஊரும் பேரும் விசாரியாமலே, "உக்காருங்க சாமி" என்று சொல்லித் தன் பங்குக் கஞ்சியில் பாதியை வார்த்துக் கொடுத்தாள்.

"சாமி" என்பது உபசார வழக்குத்தான். ஆயினும் அச்சொல் என்னைக் கலக்கியது. அதிதியைத் தெய்வமாகக் கொள்ளுமாறு தைத்திரீய உபநிஷதம் விதித்ததை ஏட்டில் பயின்றும், என் வீட்டு வாசலில் நின்றவர்களை எத்தனை முறை கதவுக்கு வெளியிலேயே விசாரித்து அனுப்பியிருக்கிறேன்! விதியை எடுத்துரையாமலே அறம் இவ்வளவு இயல்பாக நிகழுமாயின், அந்த விதி யாரை நோக்கி எழுந்தது?

நான் நீட்டிய காசை ஒதுக்கிவிட்டு, "இருட்டறதுக்குள்ள போய்ச் சேருங்க" என்றாள் அவள்.