திருவலகும் வைர ஊசியும்

திருக்கோயிலைக் கூட்டுவது எப்படி என்ற கேள்விக்கு ஆறுமுக நாவலர் சைவ வினாவிடையில் விடை சொல்லியிருக்கிறார். துடைப்பம் மெல்லியதாக இருக்க வேண்டும். சிற்றுயிர்கள் சாகாதபடி மேலாகக் கூட்ட வேண்டும். வாரிய குப்பையைத் தூரத்தே உள்ள குழியில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். யாழ்ப்பாணத்துச் சைவப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக நெட்டுருப் போட்ட நூல் அது. நாவலர் மறைந்தது 1879இல். எடிசன் தன் குரலை ஒரு பொறியில் பதித்துத் திருப்பிக் கேட்டது அதற்கு இரண்டு வருடம் முன்பு. இசைத்தட்டுத் துடைப்பதைப் பற்றி நாவலர் நினைத்திருக்க வழியே இல்லை. ஆனாலும் கார்பன் இழைத் தூரிகையைக் கையில் எடுக்கும் ஒருவருக்குச் சொல்லித்தர வேண்டியது ஏறக்குறைய அதேதான்: அழுத்தாதே, தட்டு சுழலட்டும், இழைகள் மேலாகத் தொட்டால் போதும், வாரின தூசைத் தட்டின் மேலேயே விட்டுவிட்டுப் போகாதே.

தட்டைத் தொட்ட கை ஒன்றைப் பார்க்கச் சண்டிலிப்பாய்க்குப் போகலாம். யாழ்ப்பாணத்திலிருந்து மானிப்பாய் வழியாகக் காரைநகர் போகும் வீதியில் இருக்கும் ஊர் அது. நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் அந்தாதி பாடிய கல்வளைப் பிள்ளையார் இங்கேதான் இருக்கிறார். சீரணி நாகபூஷணி அம்மனும் இங்கேதான். இந்த ஊர் அடங்கிய வலிகாமத்தில் கொடியேற்றம் என்றால் தென்னையிலோ பனையிலோ புனல் லவுட்ஸ்பீக்கர் ஏறிவிடும். கசெற் வருவதற்கு முந்திய காலத்தில் அந்தப் புனலுக்குக் கீழே ஒரு கொட்டிலில் றெக்கோட் பெட்டியும் சுழல்மேசையும் இருந்தன. சீர்காழி கோவிந்தராஜன் விநாயகரை அழைக்க, டி.எம். சௌந்தரராஜன் முருகனை நினைந்து உருக, சூலமங்கலம் சகோதரிகள் கவசம் பாட, ஊர் விடியும். பாட்டு ஊருக்கு, ஆனால் அதைத் தாங்கிய தட்டு ஒருவனுடைய பொறுப்பு. அவன் கையைச் சற்றுக் கிட்டப் பார்க்க வேண்டும்.

கோயிலில் நிற்கிறவன் கை. ஐயர் தந்த விபூதியை நெற்றியில் பூசிய அதே விரல்களால் தட்டை உறையிலிருந்து உருவுகிறான். சாணச் சாம்பலில் மணற்சத்து நிறைய உண்டு. அது தட்டின் பிளாஸ்டிக்கை விடக் கடினமானது. எல்.பி. தட்டில் ஓடும் வைர முனையின் ஆரமோ, சாதாரண உருண்டை முனையானால், சுமார் 18 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. அதன் மேல் வைக்கும் பாரம் ஒன்றரை, இரண்டு கிராம்தான். ஆனால் அந்தப் பாரம் இறங்கும் இடம் அவ்வளவு சிறியது என்பதால் அழுத்தம் பயங்கரமானது. தட்டின் ஒரு பக்கத்தில் ஊசி ஓடும் சால் ஒன்றேயொன்று. அதை நீட்டிப் பிடித்தால் அரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். அந்தத் தூரம் முழுக்க வைரம் விபூதித் துகளைச் சுவரோடு சேர்த்து அரைத்துக்கொண்டே போகிறது. சரஸ்வதி பூசைக்குச் சுழல்மேசைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பக்கத்தில் சாம்பிராணி போட்டால் கேட்கவே வேண்டாம்: பொடி சாலுக்குள் இறங்கும், புகை பிசுபிசுப்பாய் மேலே படியும்.

சைவனுக்கு விபூதியை விடத் தூயது எது? மலத்தை நீக்குவதற்கென்றே பூசுவது அது. அதே பொருள் தட்டுக்கு அழுக்கு. தண்ணீரும் அப்படித்தான். சண்டிலிப்பாய்க் கிணற்று நீர் சுவாமிக்குத் திருமஞ்சனமாகும். ஆனால் வலிகாமம் சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிற நிலம். கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படிவது தட்டின் சாலுக்குள்ளும் படியும். விஷயம் தெரிந்தவர்கள் கார் பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரைத்தான் எடுப்பார்கள். அபிஷேகத்துக்குப் பற்றரித் தண்ணீர் கொண்டுபோனால் ஐயர் திருப்பி அனுப்பிவிடுவார்.

அப்படியானால் அழுக்கு பொருளில் இல்லை, இடத்தில் இருக்கிறது என்று முடித்துவிடலாம் போலிருக்கிறது. ஆங்கில மானுடவியலாளர் மேரி டக்ளஸ் 1966இல் வெளியிட்ட நூலில் சொன்னதும் இதுவே: தனக்குரிய இடம் விட்டு வந்த பொருளே அழுக்கு. படிக்கும்போது பளிச்சென்று இருக்கும் கருத்து. ஆனால் சைவ சித்தாந்தி இதை ஒப்பமாட்டார். அவர் பேசும் ஆணவ மலம் எங்கிருந்தோ வந்து ஒட்டிய தூசு இல்லை. செம்புக்குக் களிம்பு போல உயிருடனேயே இருப்பது, தொடக்கம் இல்லாதது. உயிர் எப்போதாவது அழுக்கில்லாமல் இருந்து பிறகு கெட்டுப்போனது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

இந்தச் செம்பு உவமையைப் பழைய அரக்குத் தட்டு போல விளக்கும் பொருள் வேறு இல்லை. 78 சுற்றுத் தட்டுகள் பெரும்பாலும் அரக்கால் ஆனவை. அரக்கு, மரக்கிளைகளில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின். உலகத்துக்கு அதை அனுப்பியதில் இந்தியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. (மச்சம் மாமிசம் தொடாத வீட்டில் தேவாரம் ஒலித்தது பூச்சிப் பிசினிலிருந்து. தவிலின் தோலைப் பற்றிக் கேட்காதவர்கள் இதைப் பற்றியும் கேட்கவில்லை.) அரக்கோடு கல்மாவு கலப்பார்கள். தட்டுக்கு உறுதி தருவது அந்த மாவு. உருக்கு ஊசியின் முனையைத் தேய்த்துச் சாலின் வடிவத்துக்குக் கொண்டுவருவதும் அதுவே. அதனால்தான் பக்கத்துக்கு ஒரு ஊசி மாற்றச் சொன்னார்கள். மாற்றாமல் ஓட்டினால் கூராகத் தேய்ந்த ஊசி சாலை உழுதுவிடும். ஆக, அந்தத் தட்டின் இரைச்சலில் ஒரு பகுதி வெளியிலிருந்து வந்த தூசு. இன்னொரு பகுதி தட்டின் உடம்பே. எவ்வளவு கழுவினாலும் அந்தச் சரசரப்புப் போகாது, ஏனென்றால் அது போனால் தட்டும் போய்விடும்.

தூய்மை வெறி கொண்டவர்களுக்கு இந்த இடத்தில் ஆபத்து காத்திருக்கிறது. வினைல் தட்டுக்கு வடித்த நீரில் கொஞ்சம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹோல் கலந்து துடைப்பது வழக்கம். அதைப் பார்த்துவிட்டு அப்பா காலத்து அரக்குத் தட்டையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால், அழுக்கோடு பாட்டும் துணியில் வந்துவிடும். அரக்கு ஆல்கஹோலில் கரையும். ஊசி துடைப்பதிலும் இதே கதை. சிறு தூரிகையால் பின்னாலிருந்து முன்னால், தட்டு நகரும் திசையிலேயே, ஒரு தடவல். பக்கவாட்டில் இழுத்தாலோ எதிர்த்திசையில் தள்ளினாலோ மயிரிழை போன்ற அலுமினியத் தண்டு வளைந்துவிடும். விரல் நுனியால் தட்டிப் பார்ப்பவர்களை மன்னிக்கவே கூடாது.

யாழ்ப்பாணத்துத் தட்டுகள் பட்ட பாடு தனி. சோளகம் வீசும் மாதங்களில் செம்மண் புழுதி, மாரியில் பூஞ்சணம். 1990க்குப் பிறகு போரால் குடாநாட்டில் மின்சாரம் நின்றது, பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளானது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். சுழல்மேசைகள் சும்மா கிடந்தன. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. அந்த நடையில் தட்டுப் பெட்டியை யார் தூக்கியிருப்பார்கள்? ஓடு போன வீடுகளுக்குள் மழை இறங்க, காகித உறையில் பிடித்த பூஞ்சணம் தட்டுக்குப் பரவியது. விரல்ரேகையின் எண்ணெய் எங்கெங்கே இருந்ததோ அங்கே பூஞ்சணம் விரும்பிக் குடியேறும். ஆசையாகத் தொட்ட இடங்கள்தான் முதலில் கெட்டன.

சரி, போகாத களிம்பை ஏன் துலக்க வேண்டும்? சித்தாந்தத்துக்குள்ளேயே பழகிய கேள்வி இது. புளி போட்டுத் துலக்கிய செம்பு மறுபடி கறுக்கும். இரசகுளிகை பட்டால் களிம்பு அறுந்து செம்பு பொன்னாகும் என்பார்கள். அந்த உவமையை எடுத்துப் பார்த்த சித்தாந்த ஆசிரியர் அருணந்தி சிவாசாரியார் அதற்கும் எல்லை வைக்கிறார்: குளிகை வேறு, பொன் வேறு, சிவனோ களிம்பை அறுப்பவனும் தானே, சேர்த்துக்கொள்பவனும் தானே. முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் சத்தி மட்டுமே மடங்கிக் கிடக்கும் என்பது இந்த நெறியின் முடிவு. தொடக்கமில்லாத பொருளுக்கு அழிவும் கிடையாது. மற்றச் சமயத்தாரோடு வாதாடும்போது சித்தாந்திகள் இதை விட்டுக்கொடுக்காமல் நின்றார்கள்.

மெய்கண்டாரின் சித்தாந்த நூலான சிவஞானபோதத்தில் சூத்திரங்கள் பன்னிரண்டு. பதினொன்றாவதில் உயிர் அரன் கழலைச் சேர்ந்துவிடுகிறது. நூல் அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் பன்னிரண்டாவது சூத்திரம் மலத்தைக் கழுவுவதைச் சொல்கிறது. கழுவி, அடியாரோடு கூடி, அவர்களுடைய வேடத்தையும் ஆலயத்தையும் சிவமென்றே தொழச் சொல்கிறது. சேர்ந்தாயிற்று, இன்னும் என்ன கழுவல்? உடம்பு இருக்கும் வரை பழைய வாசனை வந்து தாக்கும் என்பது மரபான விடை. இசைத்தட்டுக்காரனுக்கு இந்த விடையில் வியப்பு எதுவும் இருக்காது. ஈரமாய்க் கழுவிக் காயவைத்துப் புதிய உறையில் போட்ட தட்டையும் அடுத்த முறை எடுக்கும்போது தூரிகையால் தடவித்தான் வைப்பான். உராய்வில் பிளாஸ்டிக் மின்னேற்றம் பெறுகிறது, அந்த ஏற்றம் தூசை இழுக்கிறது. உறையிலிருந்து உருவும் செயலே அழுக்கை அழைக்கும் செயல்.

எனவே துடைப்பத்தைச் சரியைப் படியில், ஆரம்பப் பிள்ளைகளுக்கு உரியது என்று வைத்துவிட்டு மேலே ஏறிப்போவதாக நினைப்பவர்கள் நூலைப் பாதியில் மூடியவர்கள். திருவதிகையில் திலகவதியார் தினமும் அலகிட்டு மெழுகினார். அவர் தம்பி நாவுக்கரசர் பதிகம் பாடத் தொடங்கிய பிறகும், புகழ் பரவிய பிறகும் உழவாரத்தைக் கீழே வைக்கவில்லை. பாட்டுக்கு ஆயத்தமாகப் புல் செதுக்கியவர் என்று அவரைச் சொல்ல முடியாது; கடைசி வரை செதுக்கினார்.

இதே சைவம் தூய்மையின் பேரில் செய்த வேறொன்றையும் சொல்லாமல் விட முடியாது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் இலங்கையில் 1957இலேயே வந்துவிட்டது. ஆனால் 1968இல், சண்டிலிப்பாயிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய மாவிட்டபுரத்தில், கந்தசுவாமி கோயிலுக்குள் போக வந்த ஒடுக்கப்பட்ட சாதி மக்களை ஆசாரத்தின் பேரால் மறித்தார்கள். உள்ளே விட்டால் கோயில் தீட்டுப்படும் என்பது வாதம். அந்தக் காலத்துக் கோயில் லவுட்ஸ்பீக்கர்களோ மதிலை மதிக்கவில்லை. உள்ளே ஓடிய தட்டின் கவசம் வெளியே நிறுத்தப்பட்டவர்களின் முற்றத்திலும் அதே சத்தத்தில் விழுந்தது. தட்டைத் துடைப்பவன் தூசை வெறுக்கத் தேவையில்லை, பாட்டு கேட்க வேண்டும் என்பதே அவன் கவலை. மதிலில் மறித்து நின்றவர்களுக்குப் பாட்டைப் பற்றிக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. மெய்கண்டாரின் கழுவல் இதில் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகப்பட இடமில்லை. கழுவியதும் அடியாரோடு கலக்கச் சொல்கிறது அந்தச் சூத்திரம், விலகி நிற்கச் சொல்லவில்லை.

இன்னொரு சங்கடம் மிச்சம் இருக்கிறது. கேட்கிற ஒவ்வொரு தடவையும் தட்டு கொஞ்சம் தேய்கிறது. வைர முனையும் 500, 1000 மணி நேரத்தில் முடிந்துவிடும். அதனால் சிலர் அருமையான தட்டை ஓட்டாமலே அலுமாரியில் வைக்கிறார்கள். காசு பார்க்கிறவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் சித்தாந்தத்தின் கணக்குப்படி உடம்பும் உலகமும் உயிருக்குத் தரப்பட்டது அனுபவிக்க. ஊழ் நுகர்ந்தே தீரும், நுகராமல் தீராது. ஓடாத தட்டில் தேய்மானம் இல்லை, பாட்டும் இல்லை. ஓட்டுகிறவன் நன்றாகத் துடைத்து ஓட்டட்டும்.

தேய்ந்தே போன தட்டுக்கும் ஒரு வழி உண்டு. பழைய அரக்குத் தட்டுகளைக் கணினிக்கு மாற்றும் ஒலிப்பொறியாளர்களிடம் ஒரே ஊசி இருக்காது. பல அகலங்களில், நுனி தட்டையாக வெட்டப்பட்டவை உட்பட, ஒரு தொகுதியே வைத்திருப்பார்கள். அந்தக் காலத்து உருக்கு ஊசி சாலின் சுவரில் ஒரு குறிப்பிட்ட உயரத்தைத்தான் தேய்த்திருக்கும். அதற்கு மேலேயோ கீழேயோ சுவரைத் தொடுகிற முனையைத் தேடிப்பிடித்தால், அந்த உயரத்தில் பாட்டு கிட்டத்தட்டப் பழுதில்லாமல் இருக்கும். தேய்வு தேய்ந்தபடியே கிடக்கிறது, யாரும் அதை நிரப்பவில்லை. ஊசி அதைத் தொடாததால் அதற்குச் சத்தம் இல்லை. மலம் இருக்கும், மறைக்கும் வல்லமை இருக்காது என்று சித்தாந்திகள் சொன்னதை நம்பாதவர்கள் ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கூடத்தில் போய் உட்காரலாம். தட்டு தானாக ஊசியைத் தெரிந்தெடுக்காது, அதற்கு வெளியிலிருந்து ஒரு கை வேண்டும் என்பதையும் அருளைப் பற்றிப் பேசுகிறவர்கள் கவனிப்பார்கள். எல்.பி.யின் சால் மிகவும் ஒடுங்கியது, அதில் இந்த வசதி அவ்வளவாகக் கிடையாது. 78 தட்டானாலும், எந்த ஊசி பொருந்துகிறது என்று சோதித்துப் பார்ப்பதற்கு முன்னால் அதை ஒருமுறை கழுவியாக வேண்டும்.