ஐம்பதின்மேற் பிடில் பயிலுதல் தகுமோ?

ஐம்பது பிராயங் கடந்த ஒருவன், தான் ஒருகாலும் முற்றக் கற்க இயலாத ஒரு வித்தையைப் புதிதாகத் தொடங்குதல் தகுமோ, தகாதோ? சிறியேன் 53ஆம் வயதிற் பிடிலைக் கையில் எடுத்தபொழுது உறவினரும் உடனாசிரியரும் இவ்வினாவையே பலவாறு வினாவினர். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமோ என்றார் ஒருவர். வளையாது என்பதற்கு என் சுண்டுவிரலே சான்று.

பிடிலின் இயல்பை அறியாதார்க்குச் சிறிது சொல்லுதல் வேண்டும். வீணைக்கு 24 மெட்டுக்கள் உள. விரல் சற்றே விலகினும் மெட்டு ஸ்வரத்தைக் காக்கும். பிடிலுக்கு அக்காவல் இல்லை. நான்கு தந்திகளும் வெறும் பலகையுமே. விரல் ஒரு நெல்லின் அகலம் பிசகினும் அபஸ்வரம் பிறக்கும். வில் கோணினாற் கீச்சிடும். ஐரோப்பியர் வாத்தியமாகிய இதனை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பாலுஸ்வாமி தீக்ஷிதர் முதலானோர் நம் இசைக்கு உரியதாக்கினர்.

சிறு பிள்ளைக்குச் செவியும் கையும் ஒருங்கே வளரும். தன் பிழையைத் தான் உணராமையால் அது மகிழ்ந்து வாசித்துக்கொண்டிருக்கும். முதிர்ந்தோன் நிலை வேறு. யான் நாற்பது ஆண்டுகளாகக் கோயில் வீதியில் நாகசுரங் கேட்டவன். செவி முதிர்ந்து முன்னிற்க, கை நேற்றுப் பிறந்த குழவியாய்ப் பின்னே தவழ்கின்றது. மாயாமாளவகௌளையிற் சரளி வரிசை வாசிக்குந்தோறும் காந்தாரந் தாழ்ந்து ஒலிப்பதை நன்கு அறிவேன். அறிந்துந் திருத்த வல்லேனல்லேன்.

இங்கேதான் பழைய நினைவொன்று என் மனத்தைத் தைத்தது. யான் ஆசிரியத் தொழிலிற் புகுந்த புதிதில், ஒரு மாணவனுக்கு ழகரம் நாவில் வாராது ளகரமாகவே ஒலித்தது. பலமுறை திருத்தினேன். "தெரியும் ஐயா, வருகுதில்லை" என்றான். தெரிந்துமா பிழை செய்கின்றாய் என்று பிரம்பால் அடித்தேன். அறியாமை, விருப்பின்மை, இயலாமை என்னும் மூன்றையும் ஒன்றாகவே கொண்டு தண்டித்தவன் யான். அக்கால வழக்கம் அதுவென்று சொல்லித் தப்பலாம். ஆயினும் அடித்த கை என்னுடையதே. அச்சிறுவன் சொல்லியது முழுதும் மெய் என்பதை என் காந்தாரமே எனக்கு உணர்த்திற்று.

எனக்குக் கற்பிப்பவர் என்னினும் இருபது வயது இளையர். ஒருநாள் யான் நாணி வில்லைக் கீழே வைத்தபொழுது, "பிழை கேட்குதோ ஐயா?" என்றார். கேட்கின்றது என்றேன். "கேட்டாற் போதும், கை பின்னுக்கு வரும்" என்றார்.

முற்றுதலே பயன் எனின் இம்முயற்சி வீண், அதனை மறுக்கேன். ஆனால் இயலாமையை ஏட்டில் அறிதல் வேறு, கையில் அறிதல் வேறு. பிறரைத் திருத்தும் தொழிலினர்க்குப் பின்னையது வேண்டற்பாலது என்பதே என் துணிபு.

நாணம் ஒரு தடையோ எனின், மிஷன் பாடசாலையிற் படித்த நாளிற் கேட்ட செய்தியொன்று உண்டு. சோக்கிரதர் வயது முதிர்ந்தபின் கொன்னன் என்பவனிடம் யாழ் பயிலச் சென்றார். உடன்பயின்ற சிறுவர் அவரை நகைத்ததன்றி, ஆசிரியனையுங் கிழவர்க்கு வாத்தியார் என்று இகழ்ந்தனர். பிளேற்றோ எழுதியவாறு நோக்கின், தம்மேல் வந்த நகையினும் ஆசிரியன்மேல் வந்த இகழ்ச்சியே அவர்க்குப் பெரிதாயிற்று. நம்மவருள்ளும், திருநீலகண்ட யாழ்ப்பாணர் தருமபுரத்தில் ஞானசம்பந்தரது பதிகம் யாழில் அடங்காமை கண்டு கருவியை உடைக்க ஓங்கினர். பிள்ளையார் தடுத்து, இயன்ற அளவில் வாசிக்கப் பணித்தனர். இயலாமை அத்துணைப் பெரியாரையும் ஒருகாற் கலங்கச் செய்தது.

அயலார் செவிக்கு இடர் விளைத்தல் அறமோ என்பது மட்டும் நியாயமான வினா. மாலையில் அரைமணி நேரத்திற்கு மேல் வாசியேன், சாளரத்தையுஞ் சாத்திக்கொள்வேன்.

அம்மாணவன் இப்பொழுது கடல் கடந்து வாழ்கின்றான் என்று கேள்வி. அவனுக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கி இருமுறை கிழித்தேன். மூன்றாவது மேசைமேல் இருக்கின்றது, விலாசந் தேடிக்கொண்டிருக்கின்றேன்.