நீந்துவோனும் தோணியும்

கண்டியில் கடல் இல்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ வாழும் நமக்குப் பேராதனைப் பாலத்தின் கீழே ஓடும் மகாவலியே பெருநீர். அந்நதி மலைகளைச் சுற்றி வளைந்து, நெடுந்தூரம் சென்று, கொட்டியாரக் குடாவிலே கடலைச் சேர்கிறது. ஆயினும் நமது பாடசாலைகளின் பரிசளிப்பு விழா மேடைகளில் கடல் அடிக்கடி வந்துவிடுகிறது. "ஆழிக்குமரன் ஆனந்தனைப் பாருங்கள்! தன்னந்தனியாகக் கடலை வென்றார். அவரால் முடிந்தது உங்களால் ஏன் முடியாது? எவருடைய உதவியையும் எதிர்பாராமல் சொந்தக் காலில் நில்லுங்கள்!" என்ற பாங்கில் பிரமுகர்கள் முழங்குவதை நாம் கேட்டிருக்கிறோம். மேடைக்கு முன்னால் அமர்ந்திருப்போரில் தோட்டத்து லயன்களிலிருந்து மலைப்பாதையில் இறங்கி நடந்து வந்த பிள்ளைகளும் உண்டு. அவர்களும் மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டுகிறார்கள்.

தனியே நீந்துபவனை அறத்திற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாமா? கொள்ளலாமெனில், "தனியே" என்னும் சொல்லுக்கு என்ன பொருள்? இவ்வினாவை ஆசிரியர்களும் மாணவர்களும் சிந்திக்க வேண்டும் என்று கருதியே இதனை எழுதுகிறோம்.

முதலில் உண்மைகளைப் பார்ப்போம். 1954ஆம் ஆண்டில் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1966இல் வங்காளத்தின் மிகிர் சென் நீந்தினார். 1971இல் வல்வெட்டித்துறையின் மைந்தரான ஆனந்தன், அங்கிருந்து கோடியக்கரைக்கும் கோடியக்கரையிலிருந்து மீண்டும் வல்வெட்டித்துறைக்குமாக 51 மணி நேரம் நீந்தினார். 1984ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது அவர் உயிர் நீத்தார். இவர்களின் துணிவைக் குறைத்து மதிப்பிடும் எண்ணம் நமக்குச் சிறிதும் இல்லை. உப்பு நீர் நாவைப் புண்ணாக்க, உறக்கம் கண்களை அழுத்த, இருளிலே கையை மாற்றி மாற்றி வீசிய அந்த உடலுக்கு நாம் தலை வணங்குகிறோம்.

நமது தோழர்களிற் சிலர் இங்கே குறுக்கிடுவார்கள். "பசித்தவனுக்குச் சோறு தராத, ஒரு முழம் துணிகூட நெய்யாத இச்செயலால் சமுதாயத்துக்கு என்ன பயன்? இது ஓய்வு படைத்தோரின் பொழுதுபோக்கு அல்லவா?" என்று கேட்பார்கள். இக்கேள்வியைத் தள்ளிவிட முடியாது. கண்டி நகரின் நடுவே கிடக்கும் ஏரியையே பாருங்கள். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ஆம் ஆண்டளவில் அதனை அமைத்தான். வயலாய்க் கிடந்த நிலத்தை நீர்நிலையாக்கியவர்கள் இராஜகாரியம் என்னும் கட்டாய உழைப்பிலே பிடிக்கப்பட்ட குடியானவர்கள். ஏரிக்கரையில் எழுந்த மண்டபத்திலோ அரசியர் நீராடினார்கள். நீரின் குளிர்ச்சி ஒருவர்க்கு, மண்வெட்டியின் பாரம் இன்னொருவர்க்கு என்பது பழைய பாகப்பிரிவினை.

எனினும், இந்தப் பாகப்பிரிவினை அநீதி என்பதால் நீராடுவதே அநீதி என்று ஆகிவிடுமா? ஆகாது என்பதே நமது துணிபு. மனிதன் தன் உடலைத் தன் விருப்பத்திற்காக இயக்கும் நேரமே சுதந்திரத்தின் நிலம் என்பதையும், உழைப்பு நாளைக் குறைப்பதே அதற்கு அடிப்படை என்பதையும் மார்க்ஸ் விளக்கியுள்ளார். விடியற்காலையில் கடற்கரையோரமாக ஒருவன் தனியே நீந்துகிறான். அந்தக் காலைப்பொழுது அவனுக்குச் சொந்தம். அதே வேளையில் நமது மலைகளில் ஒரு தாய் இருளிலே எழுந்து, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுப் பெரட்டுக்களத்துக்கு விரைகிறாள். எடை குறைந்தால் அரைப்பேர். அவளுடைய காலைப்பொழுதைப் பிறர் விலைக்கு வாங்கிவிட்டார்கள். நீந்துபவனிடமிருந்து காலையைப் பறிப்பதால் இவளுக்கு எதுவும் கிடைக்காது. இவளுக்கும் ஒரு காலை சொந்தமாக வேண்டும். ஆகவே, பயனற்றது என்ற குற்றச்சாட்டிலிருந்து நீந்துவோனை நாம் விடுவிக்கிறோம்.

ஆனால் மேடைப் பிரமுகர்களின் கூற்றை விடுவிக்க முடியாது. கடலை நீந்துவோன் உண்மையிலே தனியன்தானா? நெடுந்தூர நீச்சலின் முறையை அறிந்தோர் இதற்கு விடை கூறுவர். நீந்துபவனுக்கு அருகே ஒரு படகு செல்லும். நீரோட்டத்தையும் காற்றையும் அறிந்த ஒருவன் அதைச் செலுத்துவான். நேரத்தைக் குறிக்க ஒருவர், உணவை நீட்ட ஒருவர் என்று சிலர் அதில் இருப்பார்கள். மிகிர் சென் நீந்தியபோது இந்தியக் கடற்படைக் கப்பல்களே உடன் சென்றன. கரையோரமாக விடியலில் நீந்துபவனுக்குக்கூட, எந்த இடத்தில் சுழி உண்டு, எந்த மாதத்தில் கடல் கொந்தளிக்கும் என்ற அறிவைத் தந்தவர்கள் மீனவர்களே. ஆயினும் நூல்களிலும் சிலைகளிலும் நீந்தியவரின் பெயர் நிற்கிறது. தோணி வலித்தவரின் பெயரை நாம் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இந்நீச்சலில் ஒரு கடுமையான விதி உண்டு. படகில் இருப்போர் நீந்துபவனைத் தொடலாகாது. அவனும் படகைப் பிடிக்கலாகாது. உணவையும் எட்ட நின்றே கொடுக்க வேண்டும். தொட்ட கணத்திலே அந்த நீச்சல் முடிந்துவிட்டது என்பது தீர்ப்பு. அதே வேளையில், அவன் கையை உயர்த்தினாலோ நினைவு தடுமாறினாலோ உடனே தூக்கி எடுக்க வேண்டிய கடமையும் அவர்களுடையதே. தொடாதிருத்தலும் கைவிடாதிருத்தலும் ஆகிய இரண்டு கடமைகளையும் அவர்கள் ஒருங்கே சுமக்கிறார்கள். இவ்வளவு காவல் இருந்தும் கடல் சில வேளைகளில் உயிரைக் கொண்டுபோய்விடுகிறது என்பதை 1984 நமக்குக் காட்டியது. காவலே இல்லாதவன் கதி என்னவென்று சொல்லவும் வேண்டுமோ?

நமது மலைகளின் வரலாறு அதற்கு விடை சொல்கிறது. 1823ஆம் ஆண்டளவில் கம்பளைக்கு அருகே கோப்பித் தோட்டம் தொடங்கியது முதல், தமிழகத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து மக்கள் திரள் திரளாக இந்த நீரிணையைக் கடந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே மாத்தளைக்கும் கண்டிக்கும் கால்நடையாக வந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலே அவர்களை வீழ்த்தின. விழுந்தவனை விட்டுவிட்டுக் கூட்டம் நடந்தது. ஆயிரம் பேர் நடுவிலும் அவன் தனியனாய் இறந்தான். அவன் கை உயர்த்தியிருக்கலாம். பிடிப்பதற்கு எதிரே ஒரு கை இல்லை.

ஒரு நூற்றாண்டு கழிந்தபின் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுடைய சந்ததியை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு பிரதமர்கள் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் எண்ணிப் பங்கிட்டது. கண்டியிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கடவுச்சீட்டுப் பெற்று, கோச்சியேறித் தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம் சென்றார்கள். ஆனந்தன் நீந்திய 1971ஆம் ஆண்டிலும் அக்கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. நீரிணையின் ஒரு பக்கத்தில் ஒரு மனிதர் தாமே விரும்பித் தனிமையைத் தேர்ந்துகொண்டார். நாடே அவரை ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தது. மறுபக்கத்தில் தாம் பிறந்த லயத்தையும் பெற்றோரின் புதைகுழியையும் விட்டு மக்கள் போனார்கள். அக்கரையில் அவர்களுக்காகக் காத்திருந்தோர் எத்தனை பேர்? இவ்விரண்டையும் தனிமை என்ற ஒரே சொல்லால் குறிப்பது மொழியின் வறுமையாகும். முன்னது சுதந்திரம். பின்னதற்குக் கைவிடல் என்று பெயர்.

ஆகவே, தோட்டத்துப் பிள்ளையை நோக்கி "ஆனந்தனைப் போல் தனியே நீந்து" என்று கூறும் பிரமுகர் ஒரு மோசடியைச் செய்கிறார். தோணியை மறைத்துவிட்டு நீந்துவோனை மட்டும் காட்டுகிறார். நல்ல பாடசாலை, விஞ்ஞான ஆசிரியர், வீட்டுக்கு ஒரு துண்டு நிலம், தாய்க்கு நியாயமான கூலி ஆகியனவே அப்பிள்ளையின் தோணி. அவற்றைக் கொடுக்க மறுப்பவர் தன்னம்பிக்கையைப் போதிப்பது, மூழ்குபவனுக்கு நீச்சல் பற்றிச் சொற்பொழிவாற்றுவதற்கு ஒப்பாகும்.

இதன் மறுபுறத்தையும் நாம் மறக்கலாகாது. கேட்பதற்கு முன்பே தூக்கியெடுப்பதும் தவறுதான். தோட்டத்திலே துரையும் கங்காணியும் பல தலைமுறைகளாகத் தொழிலாளியின் உறைவிடம், அரிசி, திருமணம், சாவு வரை எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொண்டார்கள். அது பாதுகாப்பு என்று அழைக்கப்பட்டது. உண்மையிலே அது எந்நேரமும் உடலைப் பற்றியிருந்த கை. முற்போக்காளர்களாகிய நாமும், "இம்மக்களுக்கு எது நன்மை என்பது நமக்குத் தெரியும்" என்று எண்ணும்போது அக்கையையே நீட்டுகிறோம். தோணியில் இருப்பவனுக்கு அடக்கம் வேண்டும். திசையைத் தீர்மானிக்கும் உரிமை நீந்துபவனுடையது.

2023ஆம் ஆண்டில், மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபவனி நிகழ்ந்தது. மூதாதையர் வீழ்ந்த அதே வழியில் மக்கள் விரும்பி நடந்தார்கள். அந்நடையால் ஒரு கிலோ கொழுந்தும் சேரவில்லை; எந்தக் கணக்கப்பிள்ளையின் ஏட்டிலும் அது ஒரு பேராகப் பதியப்படவில்லை. பயன் கருதி அளப்போர் கண்ணுக்கு அது வீண் வேலையாகவே தோன்றியிருக்கும். ஆனால் 200 ஆண்டுகளாகப் பிறர் ஏவலுக்கு நடந்த கால்கள் அந்நாட்களில் தமக்காக நடந்தன. களைத்தவரைத் தாங்க அருகே ஆள் இருந்தது. நீந்திய ஆனந்தனும் நடந்த இம்மக்களும் நமக்கு ஒரே குலத்தவராகத் தெரிகிறார்கள்.

அடுத்த பரிசளிப்பு விழாவிலும் ஆனந்தனின் கதை சொல்லப்படட்டும். அதைச் சொல்லும் ஆசிரியர் படகையும், அதைச் செலுத்தியவனையும், தொடாமலும் கைவிடாமலும் 51 மணி நேரம் விழித்திருந்தவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிறகு மலையிலிருந்து நடந்து வந்த அந்தப் பிள்ளையிடம், "உனக்கு எந்தக் கரைக்குப் போக வேண்டும்?" என்று கேட்க வேண்டும். அதற்கு வரும் விடையைக் கேட்டபின், நாம் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கும்.